உறைக்குள் ஒரு கம்பி



பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலி முன் வந்து அமர்ந்தால், ஒழுக்கத்தைப் பற்றியோ, காலத்தின் அருமையைப் பற்றியோதான் பேசுவான் என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. நானோ இன்று மிதிவண்டியின் கியர் கம்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சுண்டுவிரலினும் மெல்லியதோர் உறை. அதனுள்ளே ஓடும் ஓர் எஃகுக் கம்பி. அவ்வளவுதான் பொருள். ஆனால் அந்தக் கம்பி எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அப்பாடத்தைக் கற்பதற்கு முன்பு, குற்றமற்ற ஒரு மாணவனை நான் கடிந்துகொண்டிருந்தேன். ஆகவே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வாழும் ஊர் வள்ளூர். எண்ணூருக்கு வடக்கே, மீஞ்சூருக்கு அருகே, கொசத்தலையாற்றை அடுத்துள்ளது. முன்னொரு காலத்தில் உப்பு விளைந்த மண் இது. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகமும் இப்பகுதிக்கு வந்தன. பின்னர் 2012 முதல் 2015 வரையான ஆண்டுகளில் வள்ளூர் அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகள், ஒவ்வொன்றும் 500 மெகாவாட் திறனோடு, இயங்கத் தொடங்கின. எங்கள் காற்றில் கடலின் உப்பு உண்டு. நிலக்கரிச் சாம்பலின் நுண்துகளும் உண்டு. சாலைகளிலோ பெட்டகங்களை ஏற்றிய நீண்ட லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அச்சாலையின் ஓரத்தில்தான் எங்கள் பிள்ளைகள் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கிறார்கள்.

அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவன் மாலைதோறும் என்னிடம் கணக்குப் படிக்க வருவான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அவனுடைய தந்தை, மலைப்பாதைக்கென்று செய்யப்பட்ட கியர் மிதிவண்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கித் தந்திருந்தார். முன்னே மூன்று பற்சக்கரம், பின்னே ஏழு. ஆக இருபத்தொரு கியர். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவன் நாள்தோறும் பிந்தி வரலானான். காரணம் கேட்டேன். "கியர் சரியாக விழவில்லை, ஐயா" என்றான். முதல்முறை, "எண்ணெய் விடு, தம்பி" என்றேன். விட்டான். மறுவாரமும் அதே விடை. அப்போதுதான் நான் சினந்தேன். "உன் சோம்பலைக் கம்பியின் தலையில் கட்டாதே" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தலை குனிந்து அமர்ந்து கணக்கைப் போட்டான்.

மறுநாள் மீஞ்சூர் வரை எனக்கொரு வேலை இருந்தது. அவன் சொன்னது மெய்யோ பொய்யோ பார்த்துவிடலாமென்று அவ்வண்டியையே வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். சமதளத்தில் காற்று முதுகில் தள்ளியது. வேகம் கூடவே, கனமான கியருக்கு மாற்ற விரும்பி விரல்நெம்பை ஒருமுறை தட்டினேன். மாற்றமில்லை. மறுமுறையும் தட்டினேன். அப்போதும் இல்லை. சரியென்று விட்டுவிட்டேன். சற்றைக்கெல்லாம் பாலத்தின் ஏற்றம் வந்தது. எழுந்து நின்று மிதித்தேன். 'படார்' என்ற ஒலியுடன் சங்கிலி இரண்டு பற்சக்கரம் ஒருங்கே தாவிக் கனமான கியரில் விழுந்தது. மிதி இறுகிற்று, வண்டி நின்றது, நான் ஒரு காலைத் தரையில் ஊன்றித் தடுமாறினேன். பின்னால் வந்த பெட்டக லாரியின் ஓட்டுநர் விழிப்பானவராக இருந்தமையால் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நான் கேட்டபோது வராத கியர், கேளாதபோது வந்தது. பையன் சொன்னது முற்றிலும் மெய்.

அன்று மாலை வண்டியைத் திண்ணையோரம் நிறுத்தி, இருவருமாகக் கம்பியை உருவிப் பார்த்தோம். மேற்பாதி வெள்ளையாக இருந்தது. கீழ்ப்பாதியில் செந்துருவும், கரும்பசையும் அப்பியிருந்தன. அந்தப் பசையை விரலால் தேய்த்தபோது நறநறவென்றது. எண்ணெயும் சாம்பலும் கலந்த பசை அது. எண்ணெய் விடச் சொன்னவன் யார்? நான்தான்.

இப்போது பொருளுக்கு வருவோம். உறைக்குள் ஓடும் கம்பி என்னும் இக்கருவிக்கு 'பவுடன் கேபிள்' என்று பெயர். எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் என்பவர் 1896இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டுப் பழைய மிதிவண்டிகளில் பிரேக்குக்கு நேரான இரும்புத் தண்டுகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். தண்டு நேராகத்தான் இழுக்கும்; மூலை திரும்ப வேண்டுமானால் கீலும் நெம்பும் வேண்டும். பவுடன் கம்பியோ, பாம்பு போல் எத்திசையில் வளைந்தாலும் விசையைக் கொண்டுசேர்க்கும். உள்ளிருக்கும் கம்பி இழுபடுகிறது. அதே அளவு விசையோடு வெளியிருக்கும் உறை அமுக்கப்படுகிறது. இழுப்புக்கு ஈடான அமுக்கத்தை உறை தாங்கி நிற்பதாலேயே கம்பியால் வளைந்து சென்றும் வேலை செய்ய முடிகிறது.

எங்கள் வட்டாரத்திற்கு இக்கம்பி புதியதன்று. 1955இல் தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. அவ்வண்டியின் கிளட்சை இழுத்ததும் இதே பவுடன் கம்பிதான்.

மலைப்பாதை மிதிவண்டியின் கதையோ 1970களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலையருகே தொடங்குகிறது. இளைஞர் சிலர் தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளை மலைமேல் தள்ளிச் சென்று மண்பாதையில் இறங்கி ஓட்டினர். 1976 முதல் அதற்குப் பந்தயமும் நடத்தினர். பின்சக்கரத்தின் நடுவிலிருந்த பிரேக், இறக்கத்தில் சூடேறி, உள்ளிருந்த கிரீசைப் புகையாக்கிவிடும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் கிரீசை மீண்டும் அடைக்க வேண்டும். 'மீண்டும் அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று. மலைமிதிவண்டியின் பிறப்பிலேயே தூசியோடும் மசகோடும் போராடும் கதை இருக்கிறது பாருங்கள்.

பழைய கியர் வண்டிகளில், எவ்வளவு இழுக்க வேண்டுமென்பதை ஓட்டுபவரே காதாலும் கையாலும் அறிந்து சரிசெய்துகொள்வார். 1984இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், ஒரு 'கிளிக்' ஓசைக்கு ஒரு கியர் என்று அளவிட்டு மாறும் முறையைக் கொண்டுவந்தது. விரைவில் அது மலைவண்டிகளுக்கும் பரவியது. அன்றிலிருந்து கம்பியின் பொறுப்பு மிகவும் கூடிவிட்டது. ஏன் என்று கணக்காகவே பார்ப்போம்.

ஏழு பற்சக்கரத் தொகுதியில் ஒரு சக்கரத்திற்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். பின்சக்கரத்தருகே தொங்கும் கியர் மாற்றி, கம்பி நகரும் அளவை ஏறக்குறைய 1.7 மடங்காகப் பெருக்கித் தருகிறது. அப்படியானால் ஒரு கிளிக்குக் கம்பி நகர வேண்டிய அளவு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். அதில் 1 மில்லிமீட்டர் உறைக்குள் சிக்கி நின்றால், மூன்றில் ஒரு பங்கு போயிற்று. சங்கிலி இரு சக்கரங்களுக்கு நடுவே திரிசங்குவாக நிற்கும்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். பெரிய பற்சக்கரத்திற்கு ஏற்றும்போது நம் கட்டைவிரலின் வலிமை கம்பியை இழுக்கிறது. சிறிய சக்கரத்திற்கு இறக்கும்போதோ, நாம் கம்பியை விட்டுவிடுகிறோம். கியர் மாற்றியிலுள்ள சிறு வில் ஒன்றுதான் அதைத் திரும்ப இழுக்க வேண்டும். உறைக்குள் உராய்வு மிகுந்தால் அவ்வில் தோற்றுப்போகும். பிறகு ஒரு குலுக்கலிலோ, வேகமான மிதியிலோ உராய்வு விட்டுக்கொடுக்கும்போது, தேங்கிநின்ற மாற்றம் முழுவதும் ஒரே கணத்தில் வந்து சேரும். பாலத்தின்மேல் எனக்கு நேர்ந்தது இதுவே.

சரி, அழுக்கு எவ்வழியே நுழைகிறது? அவ்வண்டியில், கைப்பிடியிலிருந்து ஒரு துண்டு உறை சட்டம் வரை வந்து நிற்கிறது. பிறகு கம்பி வெறுமையாகக் கீழ்க்குழாயின் அடியிலும், மிதி அச்சின் அடியிலும் ஓடுகிறது. பின்சக்கரத்தருகே மீண்டும் ஒரு துண்டு உறை. இரண்டு துண்டுகளுக்கு நான்கு வாய்கள். மழைநாளில் முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீர் நேரே வெறுங்கம்பியின்மேல் விழுகிறது. கியர் மாற்றும்போதெல்லாம் அக்கம்பி முன்னும் பின்னும் நகர்ந்து, தன்மேல் ஒட்டியதைப் பின்உறையின் வாய்க்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உப்புநீர் எஃகைத் துருவாக்குகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். நிலக்கரிச் சாம்பலோ பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் கலந்த கண்ணாடி போன்ற நுண்மணிகளாலானது. எண்ணெயிருந்தால் அது நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆதலால், திறந்த வாயில் எண்ணெய் ஊற்றுவது பகைவனுக்குப் பாய் விரிப்பதாகும்.

இதற்கு மாற்றுத்தான் மூடிய கம்பி. அதில் மூன்று வகையுண்டு. முதல் வகையில், கைப்பிடி தொடங்கிக் கியர் மாற்றி வரை, உறை இல்லாத இடத்திலும்கூட, ஒரு மெல்லிய குழல் கம்பியை மூடியே செல்லும். முடிவில் மடிப்பு மடிப்பான ரப்பர் மூடி ஒன்றிருக்கும். சிலவற்றில் கம்பிக்கு டெப்லான் பூச்சும் உண்டு. 1938இல் ராய் பிளங்கெட் என்னும் வேதியியலார் கண்டறிந்த வழுவழுப்பான பொருள் அது. இவ்வகை சிறந்ததே, விலையும் மிகுதியே. பூச்சு உரிந்தால் அந்த உரிவே உள்ளே அடைத்துக்கொள்ளவும் கூடும். இரண்டாம் வகையில், வழக்கமான உறைத் துண்டுகளின் வாய்களுக்கு ரப்பர் வளையமோ நீண்ட மூக்கோ உடைய தொப்பிகளைப் பொருத்துவார்கள். மூன்றாம் வகை எளியது: நடுவே எங்கும் அறுக்காமல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நீள உறையைப் போட்டுவிடுவது. நான்கு வாய் இரண்டாகக் குறைகிறது. அவ்விரண்டில் ஒன்று கைப்பிடியின் நெம்புக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. நாம் காவல் காக்க வேண்டிய வாய் ஒன்றே ஒன்று.

நாங்கள் மூன்றாம் வகையைத் தேர்ந்து, அந்த ஒரு வாய்க்கு ரப்பர் வளையத் தொப்பியையும் வாங்கினோம். பாரிமுனைப் பக்கத்துக் கடையில் என்ன கேட்க வேண்டுமென்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கியருக்கான உறை 4 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே வழுவழுப்பான பிளாஸ்டிக் குழல் இருக்க வேண்டும். கம்பி 1.2 மில்லிமீட்டர், துருப்பிடியா எஃகால் ஆனது. கடற்கரை ஊரில் நாகமுலாம் பூசிய கம்பியை வாங்கிச் சில ரூபாய் மிச்சப்படுத்துவது மிச்சமன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை மட்டும் மறவாதீர்கள். கியர் உறையைப் பிரேக்குக்கு ஒருபோதும் போடாதீர்கள். கியர் உறையில் எஃகு இழைகள் நீளவாக்கில் ஒன்றோடொன்று இணையாகச் செல்கின்றன. அமுக்கினால் குறுகாமல் அளவைக் காக்கும் என்பதற்காகவே அந்த அமைப்பு. ஆனால் அவ்விழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் மட்டுமே. பிரேக்கை இறுகப் பிடிக்கும் விசையில் அது பிளந்துவிடக் கூடும். பிரேக் உறையில் எஃகு சுருள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் தடிமன். இரண்டும் வெளித்தோற்றத்தில் உடன்பிறந்தவை போல் இருக்கும். உயிர் காப்பது எது என்று வெட்டுமுகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

பொருத்தும் முறையைச் சொல்கிறேன். முதலில் சங்கிலியை மிகச் சிறிய பின்பற்சக்கரத்தில் விழச் செய்யுங்கள். அப்போது கம்பி தளர்ந்திருக்கும். பழைய கம்பி சென்ற வழியைத் தாளில் வரைந்துகொண்ட பிறகே கழற்றுங்கள். புதிய உறையை வண்டியின்மேல் வைத்து அளக்கும்போது, கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். எப்பக்கமும் உறை இழுபடக் கூடாது. வேண்டாத தொங்கலும் ஆகாது. வளைவுகள் அகலமாக இருக்கட்டும். ஒவ்வொரு வளைவும் உராய்வைப் பெருக்கிக்கொண்டே போகும். முறுகிய வளைவோ உள்குழலையே நசுக்கிவிடும்.

உறையை வெட்டச் சாதாரணக் குறடு உதவாது, வாயை நசுக்கிவிடும். கேபிள் வெட்டும் கருவி இல்லையென்றால் கடைக்காரரிடமே அளந்து வெட்டி வாங்கி வாருங்கள். வெட்டிய முகத்தை அரத்தால் சமமாக்கி, உள்குழலின் வாயைக் கோணூசியால் மெல்ல விரித்து வட்டமாக்குங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. இரு முனைகளுக்கும் தொப்பி கட்டாயம். கம்பியை நெம்பின் வழியே செலுத்தி, அதன் குண்டுத்தலை உரிய குழியில் அமர்ந்ததா என்று பார்த்து, உறைக்குள் ஓட்டுங்கள். எண்ணெய் வேண்டாம், உள்குழலே வழுக்கும். உறையைச் சட்டத்தோடு 'கேபிள் டை' என்னும் பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டுங்கள். உறை நசுங்குமளவு இறுக்க வேண்டாம்.

பின்னர், கியர் மாற்றியில் உறை வந்து சேருமிடத்திலுள்ள உருளைத் திருகை முழுவதும் உள்ளே திருகி, இரண்டு சுற்று வெளியே எடுங்கள். கம்பியைக் கையால் இழுத்து, அதற்குரிய பள்ளத்தில் வைத்து முடுக்குங்கள். நெம்பைப் பலமுறை இயக்கினால் தொப்பிகள் தத்தம் இடத்தில் நன்றாக அமர, கம்பி சற்றே தளரும். கம்பி நீண்டுவிட்டது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதுதான். மறுபடி இழுத்து முடுக்குங்கள். ஒரு கிளிக்குச் சங்கிலி அடுத்த சக்கரத்திற்கு ஏறத் தயங்கினால், உருளைத் திருகைக் கால் சுற்று வெளியே எடுங்கள். தாண்டிக் குதித்தால் கால் சுற்று உள்ளே விடுங்கள். சங்கிலி ஆரக்கால்களுக்குள் பாயாதபடி எல்லைத் திருகைச் சரிபார்க்காமல் சாலைக்குப் போகாதீர்கள். மீதிக் கம்பியில் நான்கு விரற்கடை விட்டு வெட்டி, சிறு உலோகக் குப்பியை மாட்டி நசுக்குங்கள். இல்லையேல் இழை பிரிந்துவிடும்.

முன்பற்சக்கரத்துக்கான கம்பி, முடிவில் சிறிது தூரம் வெறுமையாகத்தான் சென்றாக வேண்டும். அங்கே உறையின் வாய்க்கு ரப்பர் வளையத் தொப்பி போட்டால் போதும்.

பழைய உறையை எறிவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். நீங்களும் பள்ளி ஆய்வறையில் செய்யலாம். ஒரே நீளமுள்ள பழைய உறையையும் புதிய உறையையும் ஒரே அளவு வளைத்துப் பலகையில் கட்டினோம். உள்ளே கம்பியை ஓட்டி, அதன் முனையில் அரைக் கிலோப் படிக்கல்லைத் தொங்கவிட்டோம். புதியதில் கல் உடனே சரசரவென்று இறங்கியது. பழையதில் அசையவேயில்லை. பலகையை ஒருமுறை தட்டினேன். திடீரென்று முழுவதும் இறங்கியது. "அன்றைக்குப் பாலத்தில் நடந்தது இதுதான், ஐயா" என்றான் பையன். நான் பல நாள் கேட்டும் அவன் தர முடியாதிருந்த விளக்கம் அந்தக் கல்லில் இருந்தது. "உன்னை அன்று பேசியது தவறு, தம்பி" என்றேன். இரண்டாவது கம்பியை அவனே பொருத்தினான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பின் ஒரு வடகிழக்குப் பருவமழை வந்து போயிற்று. தை மாதத்தில் கம்பியை உருவிப் பார்த்தோம். ஏறக்குறைய முழுவதும் புதிதுபோலவே இருந்தது. கீழ்வாயருகே ஓரங்குல அளவு மங்கியிருந்தது. துணியால் துடைத்து, தொப்பியை மட்டும் மாற்றினோம். மூடியது என்பதற்காகப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்று கருத வேண்டாம்; ஆண்டுக்கொரு முறையேனும் திறந்து பாருங்கள்.

மாணவ நண்பர்களே, அந்தப் பையன் இப்போதும் சில நாள் பிந்தித்தான் வருகிறான். ஆனால் இப்போது அவன் காரணம் சொன்னால், நான் முதலில் வண்டியருகே சென்று நெம்பைத் தட்டிப் பார்க்கிறேன். கியர் விழுந்தால்தான் கடிந்துகொள்கிறேன்.